வீட்டுக் காற்றழுத்தியும் வர்ணத் தெளிப்பானும்

கொற்கை என்றவுடன் முத்து நினைவுக்கு வருவது இயல்பே. பாண்டியரின் துறைமுகமாக விளங்கி, கிரேக்க வணிகக் குறிப்பான பெரிப்ளூசில் 'கொல்கி' என்று இடம்பெற்ற இவ்வூர், தாமிரபரணி கொண்டுவந்து குவித்த வண்டலால் கடலைவிட்டு விலகி, இன்று ஆறேழு கிலோமீட்டர் உள்ளே நிற்கிறது. கடல் விலகிப் போனாலும் கடற்காற்று விலகவில்லை. உப்பும் ஈரமும் கலந்த அக்காற்றில் இரும்புக் கதவும் ஜன்னல் கம்பியும் விரைவில் துருவேறிவிடும். ஆகவே இப்பகுதியில் இரும்புக்கு வர்ணம் பூசுவது அழகுக்காக மட்டுமன்று.

அவ்வூரில் என் உறவினர் ஒருவர் வீட்டுக் கொல்லையிலேயே கிரில் பட்டறை வைத்திருக்கிறார். ஒரு குதிரைத்திறன் மோட்டாரும் 50 லிட்டர் தொட்டியும் கொண்ட சிறிய கம்ப்ரசர் ஒன்று அவரிடம் இருந்தது. தூரிகையால் பூசினால் வேலை முடிய நாளாகிறது என்று, "எல்லா வேலைக்கும் ஆகும்" எனக் கடையில் சொல்லப்பட்ட ஒரு ஸ்பிரே கன்னை வாங்கினார். முதல் இரண்டு நிமிடம் வர்ணம் பனிபோல் படிந்தது. பிறகு துப்பத் தொடங்கியது. வர்ணம் கெட்டியாக இருக்கிறது என்று தின்னரைக் கூட்டினார், வர்ணம் வழிந்தது. கன் மோசம் என்று மற்றொன்று வாங்கினார். அதுவும் அப்படியே துப்பியது. இரண்டையும் ஒரு சாக்குப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். கோளாறு வர்ணத்திலும் இல்லை, கன்னிலும் இல்லை. பள்ளியில் படித்த பாயில் விதியில்தான் இருந்தது.

அதற்குமுன், தெளிப்பது என்றால் என்ன என்பதைச் சற்றுப் பார்ப்போம். ஒரு கன சென்டிமீட்டர் வர்ணம் ஒரே துளியாக இருந்தால் அதன் புறப்பரப்பு 5 சதுர சென்டிமீட்டர்கூட இராது. அதையே 40 மைக்ரான் விட்டமுள்ள நுண்துளிகளாக உடைத்தால் ஏறத்தாழ 3 கோடி துளிகள் கிடைக்கும். அவற்றின் மொத்தப் பரப்பு 1,500 சதுர சென்டிமீட்டர். இப்படிப் பரப்பைப் பெருக்குவதற்குப் பரப்பு இழுவிசையை எதிர்த்து வேலை செய்யவேண்டும். அந்த வேலை எவ்வளவு? நிமிடத்துக்கு 100 கன சென்டிமீட்டர் தெளித்தாலும் அரை ஜூல்கூட ஆகாது! அதே நிமிடத்தில் நம் ஒரு குதிரைத்திறன் மோட்டார் ஏறக்குறைய 45,000 ஜூல் வேலை செய்கிறது. அதாவது லட்சத்தில் ஒரு பங்குதான் துளியை உண்டாக்கப் பயன்படுகிறது. மீதி வெப்பமாகவும், காற்றின் சுழற்சியாகவும், இரைச்சலாகவும் வீணாகிறது. இவ்வளவு வீணடிக்கும் கருவி பட்டறையில் வேறொன்று இருக்குமா என்பது ஐயமே. இங்கே ஒரு கன்னுக்கும் இன்னொரு கன்னுக்கும் உள்ள வேறுபாடெல்லாம், இந்த வீணாக்கத்தில் யார் எவ்வளவு குறைவு என்பதுதான்.

இக்கருவி மருத்துவரின் மேசையில் பிறந்தது. அமெரிக்காவின் டொலிடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் தொண்டைக்கு மருந்து தெளிக்க ஒரு தெளிப்பானை அமைத்தார். அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தை வர்ணத்துக்குப் பயன்படுத்தினார். ஆனால் அதை எங்கும் பரவச் செய்தது வேறொன்று. 1920களின் தொடக்கத்தில் டூகோ என்னும் நைட்ரோசெல்லுலோஸ் வர்ணம் வந்தது. அதற்குமுன் மோட்டார் காருக்குப் பூசிய வர்ணம் முழுதும் காய வாரக்கணக்கில் ஆகும். இது சில மணிகளில் காய்ந்தது. தூரிகை ஓடி முடியுமுன் காய்ந்துவிடும் வர்ணத்தைத் தெளிக்காமல் வேறென்ன செய்வது? நம் ஊர்களில் இன்றும் எந்தக் கம்பெனி வர்ணமானாலும் காருக்கு அடிப்பது 'டூக்கோ' என்றே வழங்குவதை நீங்கள் கேட்டிருக்கலாம்.

கன்னின் உள்ளே நடப்பது எளிதானது. விசையைச் சிறிது அழுத்தினால் முதலில் காற்று திறக்கும். மேலும் அழுத்தினால் ஊசி பின்வாங்கி வர்ணத்துக்கு வழிவிடும். வர்ணம் வரும் துளையைச் சுற்றி வளையமாகக் காற்று பாய்ந்து அதைச் சிதறடிக்கிறது. மூடியின் இரு கொம்புகளிலிருந்து வரும் காற்று வட்டமான தாரையை விசிறிபோல் தட்டையாக்குகிறது.

வர்ணம் துளைக்கு எப்படி வந்து சேருகிறது என்பதில்தான் வகைகள் பிரிகின்றன. கிண்ணம் கீழே தொங்கும் வகை, மூட்டைப்பூச்சி மருந்தடித்த பழைய ஃபிளிட் பம்புபோல வர்ணத்தை உறிஞ்சி மேலேற்றுகிறது. காற்று வேகமாகப் போனால் அழுத்தம் குறையும் என்று ஒரே வரியில் இதை விளக்கிவிடுவது வழக்கம். அது முழு உண்மையன்று. திறந்த வெளியில் பாயும் காற்றுத்தாரையின் அழுத்தம் ஏறத்தாழ வளிமண்டல அழுத்தமே. முனையை ஒட்டிப் பாயும் காற்று, முனைக்கு எதிரே உள்ள காற்றையும் தன்னோடு இழுத்துச் செல்வதால்தான் அங்கே அழுத்தம் குறைகிறது. வர்ணம் 15 சென்டிமீட்டர் ஏறுவதற்கு வளிமண்டல அழுத்தத்தில் நூற்றில் இரண்டு பங்கு குறைந்தால் போதும். ஆனால் அந்தக் குறைவைத் தொடர்ந்து நிலைநிறுத்த நிறையக் காற்று வேகமாகப் பாயவேண்டும். கிண்ணம் மேலே அமைந்த வகையில் புவியீர்ப்பே வர்ணத்தை இறக்கிவிடுகிறது. காற்றுக்கு உறிஞ்சும் வேலை இல்லை. உடைக்கும் வேலை மட்டுமே. ஆகவே சிறிய கம்ப்ரசர் வைத்திருப்பவர் முதலில் பார்க்கவேண்டியது கிண்ணம் மேலே இருக்கிறதா என்பதுதான். கிண்ணம் சிறியது, அடிக்கடி நிரப்பவேண்டும் என்ற குறை உண்டு. வீட்டு வேலைக்கு அது குறையே அன்று.

இனி என் உறவினரின் கணக்குக்கு வருவோம். தொட்டி 50 லிட்டர். அளவியில் 8 பார். கடைக்காரர் 'பவுண்டு' என்று சொன்னால் ஒரு பார் என்பது 14.5 பவுண்டு என்று கொள்க. தெளிப்பதற்கு 3 பார் தேவை. 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்வரை தொட்டி தரக்கூடிய காற்று, வளிமண்டல அழுத்தத்தில் அளந்தால், 50 × 5 = 250 லிட்டர். அவருடைய கன் ஒரு நிமிடத்துக்குக் குடிப்பதும் 250 லிட்டர். கம்ப்ரசரின் தகட்டில் 5.5 கன அடி, அதாவது 155 லிட்டர் என்று எழுதியிருந்தது. அது உருளைக்குள் உந்து தண்டு இடம்பெயர்க்கும் கன அளவு. வெளியே வருவது அதில் எழுபது விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 110 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். எந்திரம் இடைவிடாமல் ஓடினாலும் நிமிடத்துக்கு 140 லிட்டர் பற்றாக்குறை. 250ஐ 140ஆல் வகுத்தால் இரண்டு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குமேல் துப்பாமல் என்ன செய்யும்?

பெரிய தொட்டி வாங்கினால் தீராதா என்று மாணவர்கள் கேட்பதுண்டு. தொட்டி என்பது குளம். வாய்க்கால் சிறியதானால் குளத்தைப் பெரிதாக்கிப் பயன் சிறிதே. எனவே கன் வாங்கும்போது கேட்கவேண்டிய கேள்வி, "எத்தனை பவுண்டில் நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்றுக் குடிக்கும்?" என்பதே. கடைகளில் இப்போது எச்.வி.எல்.பி. என்று குறித்த கன்கள் கிடைக்கின்றன. மூடியில் 10 பவுண்டுக்கு மேற்படாத அழுத்தத்தில் மிகுதியான காற்றை மெதுவாகச் செலுத்துபவை இவை. மெதுவாகச் செல்லும் துளி பரப்பில் மோதித் தெறிக்காமல் அமர்கிறது. பழைய வகையில் கிண்ணத்து வர்ணத்தில் மூன்றில் ஒரு பங்கே பொருளில் படியும். இதில் மூன்றில் இரண்டு பங்கை எட்டலாம். நூற்றுக்கு 40 பங்கு திண்மப்பொருள் உள்ள ஒரு லிட்டர் வர்ணம் 25 மைக்ரான் தடிப்பில் 16 சதுர மீட்டருக்கு வரவேண்டும். பழைய கன்னில் 5 சதுர மீட்டருக்கும், இதில் 10 சதுர மீட்டருக்கும் வரும் என்றால் கிரில் பட்டறைக்காரருக்கு அது வாழ்வா தாழ்வா என்ற கணக்கு. ஆனால் பெயரிலேயே 'மிகுந்த கன அளவு' இருக்கிறதே! இவற்றுள் பல நிமிடத்துக்கு 8 முதல் 15 கன அடி வரை கேட்கும். சிறிய கம்ப்ரசருக்கு எல்.வி.எல்.பி. என்ற குறைந்த காற்றுக் கன்னே பொருந்தும். அது 3 முதல் 6 கன அடியில் வேலை செய்கிறது. விசிறி சற்று அகலம் குறைவு, வேகமும் குறைவு. பொறுமை உள்ளவருக்கு அது பொருட்டன்று.

துளையைப் பொறுத்தவரை, எனாமலுக்கும் லாக்கருக்கும் 1.3 அல்லது 1.4 மில்லிமீட்டர் போதும், பிரைமருக்கு 1.7, 1.8 வேண்டும். ஊசியும் முனையும் மூடியும் மாற்றக்கூடியதாக, உதிரிகள் நம்மூரில் கிடைப்பதாக உள்ள ஒரு கன்னே 'எல்லா வேலைக்கும்' ஆகும் கன். சுவர்ப் பட்டியையும் அதிலேயே அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

தின்னர் கலப்பதைக் கண்ணால் மதிப்பிடுவதைவிட ஒரு சிறு கிண்ணத்தால் அளப்பது மேல். ஃபோர்டு 4 என்னும் கிண்ணம் 100 கன சென்டிமீட்டர் கொள்ளும். அடியில் ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் துளை. வர்ணத் தாரை அறும் வரை ஆகும் விநாடிகளை எண்ணினால் 18 முதல் 22க்குள் இருப்பது பெரும்பாலான வர்ணங்களுக்கு ஏற்றது. டப்பாவில் வேறு எண் அச்சிட்டிருந்தால் அதையே கொள்க. குழாயையும் மறக்கக்கூடாது. ஒரே அழுத்த வேறுபாட்டில் 6 மில்லிமீட்டர் குழாயைவிட 8 மில்லிமீட்டர் குழாய் இரு மடங்கு காற்றைக் கடத்தும். அழுத்தத்தை விசையை அழுத்திப் பிடித்துக்கொண்டு கன் அருகில் அளக்கவேண்டும். காற்று ஓடாதபோது அளவி காட்டும் எண் வெறும் ஆறுதல்.

அம்பாசமுத்திரத்தின் கடைசல் சொப்புகளை நினைத்துப் பார்க்கிறேன். கடைசல் எந்திரத்தில் சுழலும் மரத்தின்மேல் அரக்குக் குச்சியை அழுத்த, உராய்வு வெப்பத்தில் உருகி வர்ணம் படிகிறது. தின்னரும் இல்லை, துளியும் இல்லை, ஒரு துளிகூட வீணில்லை. சதுரக் கதவைக் கடைசலில் ஏற்ற முடியாதே என்பதுதான் சங்கடம்!

கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தண்ணீர் ஒரு தனித் தொல்லை. 30 டிகிரி செல்சியசில் 75 விழுக்காடு ஈரப்பதமுள்ள ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 23 கிராம் நீராவி இருக்கிறது. அதை ஒன்பதில் ஒரு பங்காக அமுக்கி மீண்டும் 30 டிகிரிக்குக் குளிர்வித்தால், அந்தச் சிறிய இடத்தில் மூன்றரைக் கிராமுக்குமேல் ஆவியாக இருக்க இயலாது. மீதி 19 கிராமுக்கு மேல் நீராகிறது. நம் கம்ப்ரசர் ஒரு மணி நேரம் ஓடினால் அரை டம்ளருக்கு மேல் தண்ணீர்! ஆனால் அமுக்கப்பட்ட காற்று சூடாக வெளிவருவதால் உடனே நீராவதில்லை. குழாயில் போகப்போகக் குளிர்ந்துதான் நீராகிறது. எனவே நீர்பிடிப்பானைத் தொட்டியின் வாயிலேயே பொருத்தினால் பயன் குறைவு. ஏழெட்டு மீட்டர் குழாய்க்குப் பிறகு பொருத்துவது நல்லது. வேலை முடிந்ததும் தொட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடிக்கவேண்டும். வடிக்காவிட்டால் தொட்டி உள்ளிருந்து துருவேறும். 8 பாரில் 50 லிட்டர் தொட்டி தேக்கிவைக்கும் ஆற்றல் 59 கிலோஜூல் வரை ஆகும். 60 கிலோ எடையுள்ள ஓர் ஆளை 100 மீட்டர் உயரம் தூக்கப் போதுமானது. துருவால் மெலிந்த தகட்டுக்குப் பின்னால் அது அடைபட்டிருக்கிறது.

ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் மேல்காற்று தேரிக்காட்டுச் செம்மணலைத் தூக்கிவரும் நாட்களில் வெளியில் தெளிப்பது வீண். சித்திரை நண்பகலில் தின்னர் வழியிலேயே ஆவியாகி, துளி காய்ந்த தூளாகப் போய் அமர்ந்து பரப்பு சொரசொரப்பாகும். ஐப்பசி மழை ஈரத்திலோ, தின்னர் ஆவியாகும்போது பரப்புக் குளிர்ந்து, காற்றின் ஈரம் அதன்மேல் பனித்து, லாக்கர் வெள்ளை பூத்துவிடும். காலை எட்டு மணி முதல் பத்து மணி வரை நல்ல வேளை. கன்னை ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில், கையை வளைக்காமல் இணையாக நகர்த்தி, முந்தின பட்டையின் பாதிமேல் அடுத்தது விழும்படி அடிக்கவேண்டும்.

பரப்பில் படியாத துளி எங்கே போகிறது? 10 மைக்ரானும் அதற்குக் குறைந்ததுமான துளிகள் கதவில் மோதாமல் காற்றோடு வளைந்து போய்விடுகின்றன. அவை நம் மூக்குக்குள்ளும் போகும். மூக்கைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வது தூசியைத்தான் ஓரளவு தடுக்கும். தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி அடைத்த வடிகட்டியுள்ள முகமூடி வேண்டும். கடினமாக்கி கலந்து அடிக்கும் இருபகுதிப் பாலியூரித்தேன் வர்ணங்களில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஒருமுறை உடலுக்கு ஒவ்வாமையாகிவிட்டால் பிறகு சிறிதளவு பட்டாலும் ஆஸ்துமா வரும். தொழிற்கூடங்களில் அதற்கு வெளியிலிருந்து தூய காற்று தரும் முகமூடி அணிகிறார்கள். வீட்டுக் கொல்லையில் அந்த வர்ணத்தைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து. தின்னரில் கலந்துள்ள டொலுவீன் 4 டிகிரி செல்சியசிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியைத் தருவது. நம் ஊரில் எந்த நாளும் அதைவிடச் சூடுதான். சமையலறை அடுப்பு, பற்றவைப்புப் பொறி, கம்ப்ரசர் மோட்டாரின் சுவிட்சு எல்லாம் தெளிக்கும் இடத்திலிருந்து தொலைவில் இருக்கட்டும்.

என் உறவினர் இரண்டு பழைய கன்களில் ஒன்றை விற்றுவிட்டு, நிமிடத்துக்கு 4 கன அடி குடிக்கும், மேல்கிண்ணம் உள்ள ஒன்றை 1.4, 1.8 முனைகளோடு வாங்கினார். கம்ப்ரசர் பழையதுதான். மற்றொன்றை விற்க மனமில்லாமல், மண்ணெண்ணெய் ஊற்றி, பழைய என்ஜின்களின் கசடு கழுவப் பயன்படுத்துகிறார். அந்த வேலைக்கு அது துப்பினாலும் பாதகமில்லை என்கிறார். தீக்குச்சி அருகில் வேண்டாம் என்று அதற்கும் சொல்லிவிட்டு வந்தேன்.