ஒரு கணனியில் இரு குடித்தனம்

2025ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 14ஆந் திகதியுடன் விண்டோஸ் 10 என்னும் இயங்குதளத்திற்கு மைக்ரோசொப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு முடிவெய்தியது. ஓராண்டுக்கு ஒரு நீட்டிப்புத் திட்டம் அறிவிக்கப்பட்டதாயினும், அது தவணையேயன்றித் தீர்வன்று. விண்டோஸ் 11இற்கு மாறுவோமெனின், டி.பி.எம். 2.0 என்னும் காவற் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ சேர்ந்ததாதல் வேண்டும். ஆகவே, திரையும் விசைகளும் பழுதின்றி இருந்தும், பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய மடிக்கணனிகள் பல வாயிலிலேயே தடுக்கப்பட்டு நிற்கின்றன.

இவற்றுக்கு மறுவாழ்வளிக்க வல்லது லினக்ஸ். 1991 ஆகஸ்ட் 25இல், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்திற் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தாம் ஓர் இயங்குதளத்தை ஆக்கிவருவதாக அறிவித்தார். அவர் ஆக்கிய கருவைக் கொண்டு எழுந்த உபுண்டு 2004 ஒக்டோபரில் முதன்முதல் வெளிவந்தது. விலை யாதுமில்லை. அதன் 24.04 பதிப்புக்கு, வெளியான 2024 ஏப்பிரல் தொடங்கி ஐந்தாண்டுகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் உண்டு.

“அப்படியாயின் விண்டோஸை அகற்றிவிடலாமே” என்பர் இளைஞர். தந்தையாரின் கணக்கு மென்பொருளும் வீட்டின் பழைய அச்சுப்பொறியும் விண்டோஸையன்றிப் பிறிதொன்றை அறியாவெனின் என் செய்வது? இருப்பவரை எழுப்பாமலே புதியவருக்கும் இடங்கொடுப்பதுதான் குடும்பத்திற்கு உகந்த வழி. ஒரு நேரத்தில் ஒன்றே இயங்குமாதலால், 4 கிகாபைட் நினைவகமுள்ள எளிய கணனியும் இதனைத் தாங்கும்.

வன்தட்டை ஒரு காணியாகக் கொள்க. அதனை இரண்டாகப் பிரித்து இடையில் வேலி அடைப்பதே நாம் செய்யப்போவது. எல்லைகளைக் குறிக்கும் பிரிவு அட்டவணைதான் காணியின் உறுதி. பழைய எம்.பி.ஆர். முறையில் எழுதிய உறுதியில் நான்கு முதன்மைத் துண்டுகளுக்கு மேல் இடமில்லை, ஜி.பி.டி. என்னும் புதிய முறையில் 128 வரை எழுதலாம். விற்கும்போதே நான்கு துண்டுகளும் நிரம்பியிருந்த பழைய கணனிகளில், வெறும் நிலம் எவ்வளவு கிடந்தாலும் வேலி போட முடியாமற் போவது இதனாலேதான்.

வேலிக்குழி தோண்டுமுன் செய்யவேண்டியவற்றில் அவசரம் கூடாது. பிள்ளைகளின் புகைப்படங்கள், பாடக்குறிப்புகள், பரீட்சைக்குரிய செயற்றிட்டங்கள் ஆகிய யாவற்றையும் வேறொரு வன்தட்டிற் படியெடுத்து வைக்குக. எடுத்த படி திறக்கின்றதா என்றும் பார்க்குக. வன்தட்டு பிற்லொக்கர் முறையாற் பூட்டப்பட்டிருப்பின், 48 இலக்கங்கொண்ட அதன் மீட்புத் திறவுகோலைக் கடதாசியில் எழுதிக்கொள்க. துவக்க ஒழுங்கில் மாற்றங்கண்ட விண்டோஸ் அதனைக் கேட்கக்கூடும். கேட்கும்போது கையில் இல்லையெனின் உள்ளேயுள்ள எதுவும் நம்முடையதன்று. விண்டோஸில் ‘விரைவுத் துவக்கம்’ என்றொரு வசதியும் உண்டு. அது இயங்கும்வரை, நாம் கணனியை நிறுத்தினாலும் விண்டோஸ் முற்றாக வெளியேறுவதில்லை, அரைத்தூக்கத்திற் கிடக்கின்றது. அந்நிலையில் அதன் கோப்புகளில் லினக்ஸ் கைவைப்பது ஆபத்தாதலின் அவ்வசதியை நிறுத்திவிடுக.

அதன்பின் விண்டோஸின் வட்டு மேலாண்மைக் கருவியைக்கொண்டே அதன் பங்கைச் சுருக்குதல் நலம். உபுண்டுவுக்குக் குறைந்தது 25 கிகாபைட் வேண்டும். 50 விட்டால் பின்னர் நெருக்கடியில்லை. எல்லையை நகர்த்தும் வேளையில் மின்சாரம் நின்றால் உறுதியே குழம்பிப்போகும். மடிக்கணனியின் மின்கலம் நலிந்திருந்தால், மின்வெட்டுக்கு அஞ்சவேண்டாத நேரத்தையே தெரிந்துகொள்க.

உபுண்டுவை அதன் தளத்திலிருந்து இறக்கி, ரூஃபஸ் போன்ற சிறு மென்பொருளால் 16 கிகாபைட் பென் டிரைவ் ஒன்றில் எழுதலாம். அதிலிருந்த பழைய கோப்புகள் அழிந்துபோகும். அந்தப் பென் டிரைவிலிருந்தே கணனியைத் துவக்கி, எதையும் நிறுவாமல் உபுண்டுவைச் சோதித்துப் பார்க்கலாமென்பது இதன் பெருஞ் சிறப்பு. வை-ஃபை இணைகின்றதா, ஒலி கேட்கின்றதா, தமிழில் எழுத வருகின்றதா என்பவற்றை அங்கேயே அறிந்துகொள்ளலாம். விசைப்பலகைப் பட்டியலில் இலங்கைக்குரிய பிரிவிலே தமிழும் உண்டு.

நிறுவும்போது ஒரு திரையில் மாத்திரம் மூச்சையடக்கி நிற்றல் வேண்டும். விண்டோஸுக்கு அருகில் நிறுவுக என்பது ஒரு தெரிவு. வட்டை முற்றாக அழித்து நிறுவுக என்பது மற்றொன்று. இரண்டும் ஒரே திரையில் அடுத்தடுத்து நிற்கின்றன. ஏனோ இப்படி வைத்தார்கள்! பின்னதை அழுத்தி உறுதிப்படுத்தினால் விண்டோஸும் அதிலிருந்த அனைத்தும் போய்விடும். ஆதலால் ஒருவர் வாசிக்க மற்றொருவர் அழுத்துவது நன்று. எஞ்சியவை அரைமணி நேர வேலை.

முடிந்தபின் கணனியைத் திறக்குந்தோறும் ‘கிறப்’ என்னும் படலைக்காவலன் எவ்வழிச் செல்வது என வினவுவான். விண்டோஸின் பெரும் புதுப்பித்தலொன்று வந்தபின் சிலவேளை அவன் தோன்றாதொழிவதுண்டு. அஞ்சற்க, உபுண்டு அழியவில்லை, துவக்க வரிசையில் விண்டோஸ் முந்திக்கொண்டது, அவ்வளவே. கணனியின் அடிப்படை அமைப்புத் திரையிற் புகுந்து வரிசையை மாற்றினால் அவன் மீண்டும் வருவான். லினக்ஸ் வேண்டாமெனின், முதலில் விண்டோஸின் துவக்க வழியைச் சீர்செய்துவிட்டே அதன் துண்டை அழித்தல் வேண்டும். பழைய பயோஸ் கணனிகளில் இம்முறையை மாற்றினால், கரிய திரையில் ஒற்றை வரி மட்டும் நின்று விழிக்கும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. காலை 9 மணிக்கு விண்டோஸைத் திறந்தால் கடிகாரம் அதிகாலை 3.30 எனக் காட்டக்கூடும். கணனியின் உட்கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் கொள்கின்றது. லினக்ஸோ பெரும்பாலும் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கின்றது. நமது நேரம் அதனினும் ஐந்தரை மணி முந்தியதாதலால் வந்த பேதம் இது. லினக்ஸின் முனையத்தில் ஒரே கட்டளையால் அதனையும் உள்ளூர் நேரத்திற்கு இணங்கச் செய்துவிடலாம்.