ஒலிபெருக்கிக் கம்பியும் சங்கப் பணமும்

விழாக்காலம் நெருங்கினால் சங்கங்களில் ஒலிபெருக்கிப் பேச்சு எழாமல் இராது. விலையுயர்ந்த கம்பியைப் பூட்டினால் வீணையின் நாதமே வேறாகும் என்பார் கடைக்காரர். சந்தாப் பணத்தைக் கையில் வைத்திருப்போர் சற்றுக் கணக்குப் பார்ப்பது நலம்.

1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை மீட்டருக்குச் சுமார் 0.017 ஓம். 10 மீட்டர் தொலைவிலுள்ள பெட்டிக்குப் போக்கும் வரவுமாக 20 மீட்டர், தடை 0.34 ஓம். 8 ஓம் ஒலிபெருக்கிக்கு இஃது அற்பமே. அதே கம்பியை 100 மீட்டர் தொலைவுக்கு இழுத்தாலோ, ஆற்றலில் பத்தில் மூன்று பங்கு வழியிலேயே வெப்பமாகிவிடும். அங்கே தடித்த கம்பி வேண்டும். அல்லது நீண்ட பிளாட்பாரங்களுக்கு ஏற்ற 100 வோல்ட் முறை வேண்டும். அழுத்தம் உயர மின்னோட்டம் குறையும். மெல்லிய கம்பியும் போதும்.

வெள்ளிப் பூச்சும் அம்புக்குறியும் செவிக்கு எட்டுவன அல்ல. நொடிக்குப் பன்முறை திசைமாறும் மின்னோட்டத்துக்கு அம்புக்குறி எதற்கோ!

கம்பியின் அமைப்பு மெய்யாகவே பயன்படுமிடம் மைக். அதிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்டே; அருகில் ஓடும் விளக்குக் கம்பியின் 50 சைக்கிள் இரைச்சல் எளிதில் புகும். ஆகவே முறுக்கிய இரு கம்பிகளும் சுற்றிலும் செம்பு வலையும் தேவை. இரண்டிலும் ஒருசேரப் புகும் இரைச்சலை, அதற்கேற்ற ஆம்ப்ளிபையர் கழித்துவிடும். அத்தகைய கம்பி பெருவிலையும் அன்று.