நான் அனுப்பினேன்னு சொல்லு

என் அப்பாவின் தையல் கணக்கு நோட்டில் ஒவ்வொரு வரியிலும் இரண்டு பெயர்கள் இருக்கும். துணி யாருடையதோ அவர் பெயர் முதலில். அவரை அனுப்பி வைத்தவர் பெயர் அடுத்தது, 'இன்னார் சொல்லி' என்று. அளவும் கூலியும் வாங்கிய முன்பணமும் அதற்குப் பிறகுதான். சின்ன வயதில் இது எதற்கென்று கேட்டேன். "துணி கெட்டுப்போனா ரெண்டு பேருக்கும் பதில் சொல்லணும் இல்லையா" என்றார்.

அவர் தனியாகத் தொழில் தொடங்கியது 1962இல். நிர்வாகம் 1954 நவம்பர் 1 அன்றே இந்தியாவின் கைக்கு வந்துவிட்டாலும், புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16ஆம் தேதிதான். பிரெஞ்சுக் குடியுரிமையே வேண்டும் என்பவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார்கள். ஊரில் வீட்டுக்கு வீடு அதே பேச்சு. இருப்பதா, போவதா? அந்த நேரத்தில் அப்பா கொசக்கடை வீதிப் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையை மாத வாடகைக்குப் பிடித்து, ஒரு பழைய மெஷினைப் போட்டு உட்கார்ந்தார். ஐந்து வருஷம் வேறொருவர் கடையில் காஜா எடுத்து, பட்டன் கட்டி, பிறகுதான் கத்தரிக்கோல் பிடிக்கக் கற்றவர். சொந்தமாக ஒரு வாடிக்கைகூடக் கிடையாது.

புதுச்சேரியின் தமிழர் வீதிகளைப் பார்க்காதவர்களுக்கு அந்தத் திண்ணையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வீட்டின் முன்னால் மரத்தூண்கள் தாங்கும் சாய்கூரை தெருவுக்கு இறங்கியிருக்கும். அது தாழ்வாரம். வெயிலுக்கும் மழைக்கும் வழிப்போக்கர் ஒதுங்க வீட்டுக்காரர் தன் செலவில் கட்டியது. அதை ஒட்டி உள்ளே திண்ணை. தெருவில் போகிற ஒவ்வொருவரும் திண்ணையில் இருப்பவனைப் பார்ப்பார்கள். ஆனால் பார்த்தவர்களெல்லாம் துணி கொடுத்துவிட மாட்டார்கள். பதினைந்து நாள் அப்பாவுக்குப் போணியே ஆகவில்லை. பழைய கடைக்கே திரும்பிவிடலாமா என்று யோசித்ததாகச் சொல்வார்.

பதினாறாம் நாள் வந்தவர் ஒரு சொல்தா. பிரெஞ்சுப் படையில் இருந்து ஓய்வு பெற்று பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மகனோடு இருக்க பாரீசுக்குப் போகிறார், கோட்டு வேண்டும். அவரை அனுப்பியவர் திண்ணையின் சொந்தக்காரர். "நம்ம திண்ணையில ஒரு பையன் உக்காந்திருக்கான், போய் நான் அனுப்பினேன்னு சொல்லு" என்று சொன்னாராம். அப்பா அதுவரை கோட்டுக்குத் தனியாகக் கேன்வாஸ் வைத்ததில்லை. மூன்று இரவு கண் விழித்து, ட்ரையலில் தோள் சரியாக உட்காராமல் பிரித்து, பழைய முதலாளி வீட்டுக்குப் போய்க் கேட்டுக்கொண்டு வந்து, மறுபடி தைத்தார். கோட்டு சரியாக அமைந்தது. சொல்தா கிளம்புமுன் தன் மச்சானிடமும் ரெண்டு நண்பர்களிடமும் சொல்லிவிட்டுப் போனார். நோட்டின் முதல் பக்கத்தில் அந்த நாலு வரிகளும் இன்னும் இருக்கின்றன.

அந்தக் கோட்டு கெட்டிருந்தால் அப்பாவுக்கு ஒரு வாடிக்கை போயிருக்கும். வீட்டுக்காரருக்கோ அந்தத் தெருவில் சொல் போயிருக்கும். முதல் வாடிக்கை என்பது அன்று இன்னொருவருடைய பெயரைக் கடன் வாங்கித் தொடங்குவதாகவே இருந்தது.

இந்த ஊருக்கு அது புதிதும் அல்ல. 1674இல் பிரான்சுவா மர்த்தேன் இங்கே காலூன்றியபோது பிரெஞ்சுக் கம்பெனியே புதிய கடைக்காரன்தான். மொழி தெரியாது, நெசவாளரைத் தெரியாது, சரக்கு தருகிற வணிகர்களுக்குக் கம்பெனிமேல் நம்பிக்கை கிடையாது. நடுவில் நிற்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. அவர்தான் துபாஷி. இரண்டு மொழி பேசுவது அவர் வேலையின் சின்னப் பகுதி. தன் பெயரைச் சொல்லி வணிகர்களை வரவழைப்பதுதான் பெரிய பகுதி. தலைமைத் துபாஷியாக இருந்த நைனியப்ப பிள்ளை, சென்னையில் இருந்த தம் மைத்துனர் திருவேங்கடம் பிள்ளை உட்படப் பலரை அழைத்து வந்து இங்கே குடியமர்த்தினார்.

1716இல் அவரையே பிரெஞ்சுக்காரர்கள் சிறையில் அடைத்தார்கள். கடைத்தெருவில் 50 சவுக்கடி, மூன்றாண்டு சிறை, அபராதம், நாடு கடத்தல் என்று தீர்ப்பு. 1717இல் சிறையிலேயே இறந்தார். பிறகு அவர்மேல் குற்றமில்லை என்று ஆயிற்று. அவர் மகன் குருவப்ப பிள்ளை பிரான்சு வரைக்கும் போய் நியாயம் கேட்டவர். திருவேங்கடம் பிள்ளையின் மகன்தான் ஆனந்தரங்கப் பிள்ளை. 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்து, பின்னாளில் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேயின் துபாஷியானார். 1736 முதல் 1761இல் சாகும்வரை எழுதிய நாட்குறிப்பில் யார் யாருக்காகப் பேசினார்கள், யார் சொல்லுக்கு எங்கே மதிப்பு ஏறியது, எங்கே இறங்கியது என்பதைச் சரக்கு விலையைக் குறிப்பதுபோல் எழுதி வைத்திருக்கிறார். ஒருவரைச் சிபாரிசு செய்வது எவ்வளவு கனமான காரியம் என்பதை அந்தக் குடும்பத்தைவிட அறிந்தவர்கள் இந்த ஊரில் இருந்திருக்க மாட்டார்கள்.

1908இல் பாரதி வந்தபோதும் கையில் ஓர் அறிமுகக் கடிதம் இருந்தது. கடிதம் யாருக்கோ அவர் போலீசுக்குப் பயந்து வேறு இடம் பார்க்கச் சொல்லிவிட்டார். குவளைக் கிருஷ்ணமாச்சாரி போன்றவர்கள்தான் கை கொடுத்தார்கள். பாரதியின் 'இந்தியா' இதழ் இங்கிருந்து வெளிவந்தது. அதன் வாசகர்களோ பெரும்பாலும் எல்லைக்கு அப்பால் பிரிட்டிஷ் பகுதியில் இருந்தார்கள். அங்கே இதழ் நுழையத் தடை வந்தது. 1910 மார்ச்சில் அது நின்றுபோனது. வாங்க ஆள் இருந்தும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நெருக்கமான உதாரணம் எங்கள் ஊரில் இல்லை.

திண்ணைக் காலத்தைப் பொற்காலமாக்கிப் பேச எனக்கு மனம் வரவில்லை. அப்பாவோடு அதே கடையில் தொழில் கற்ற இன்னொருவர் இருந்தார். கை அப்பாவைவிடச் சுத்தம், அதை அப்பாவே சொல்வார். அவருக்கு அந்த வீதிகளில் எந்த வீட்டுக்காரரும் திண்ணை தரவில்லை. அவர் பிறந்த சேரி எது என்று எல்லோருக்கும் தெரியும். "நான் அனுப்பினேன்னு சொல்லு" என்று அவருக்காகச் சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை. முதலியார்பேட்டையில் ரோடியர் மில் பக்கம் ஒரு மரத்தடியில் மெஷினைப் போட்டார். ஷிப்டு விட்டு வருகிற தொழிலாளிகளின் கிழிந்த சட்டைகளைத் தைத்தே வாழ்நாள் கழிந்தது. கோட்டுத் தைக்கத் தெரிந்த கை அது. இப்போது அந்த மில்லும் இல்லை, 2020இல் மூடிவிட்டார்கள். நல்ல சொல் யார் வீட்டு வாசல் வரைக்கும் வரும், எந்த வாசலில் நின்றுவிடும் என்பதைத் தொழில்திறமை தீர்மானிக்கவில்லை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

என் அண்ணன் மகள் போன வருஷம் ஒரு தொழில் தொடங்கினாள். வெளியூர்க்காரர்களை விடிகாலையில் கடற்கரைச் சாலையில் சேர்த்து, வெள்ளையர் நகரம், பெரிய வாய்க்கால், தமிழர் வீதிகள் என்று இரண்டரை மணி நேரம் நடத்திக் கூட்டிப் போய்க் கதை சொல்வாள். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு மூன்றும் பேசுவாள். வைசியாள் வீதியில் இன்ட்டாக் அமைப்பு மீட்டெடுத்த தாழ்வாரங்களைக் காட்டுவாள். பெரிய மார்க்கெட் பக்கம் ஆனந்தரங்கப் பிள்ளையின் வீட்டு முன்னால் நிறுத்துவாள். கீழே தமிழர் பாணி, மேலே பிரெஞ்சுத் தூண்கள், இரண்டும் சேர்ந்த வீடு. அவள் தொழிலும் ஒருவகையில் துபாஷித் தொழில்தான்.

முதல் ஒரு மாதம் அவள் பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். விருந்தினர் விடுதிகளுக்குப் போய் அட்டை கொடுத்தாள். எல்லோரிடமும் ஏற்கெனவே ஆள் இருந்தது. புதிதாக வருகிறவர் கமிஷன் தர வேண்டும். போனில் வரைபடத்தில் தன் பெயரைப் பதிந்தாள், படங்கள் போட்டாள், வாட்ஸாப் குழுக்களில் எழுதினாள். "சித்தப்பா, நூத்திப் பதினோரு பேர் பாத்திருக்காங்க, ஒருத்தர்கூடக் கூப்பிடலை" என்றாள். திண்ணையில் உட்கார்ந்த பதினைந்து நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. பிறகு அவளே ஒரு வழி கண்டாள். நாலு ஞாயிறு, காசு வாங்காமல், எங்கள் தெருக்காரர்களையே கூட்டிப் போனாள். பூக்காரம்மா, ஆட்டோக்காரர், பேங்கில் வேலை செய்கிற தம்பதி. அறுபது வருஷம் இங்கேயே இருந்தவர்கள் முதல்முறையாகத் தங்கள் ஊரைக் கேட்டார்கள். அடுத்த வாரம் அந்த ஆட்டோக்காரர் பெங்களூரில் இருந்து வந்த இரண்டு பெண்களை ரயிலடியில் இருந்து ஏற்றி வரும்போதே அவளுக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அதுதான் போணி.

அவர்கள் இருவரும் ஐந்து நட்சத்திரம் போட்டார்கள். அதற்குப் பிறகு முகம் தெரியாதவர்களும் வரத் தொடங்கினார்கள். நடைக்கு வரவே வராத ஒருவர் ஒரு நட்சத்திரம் போட்டார். ஏன் என்று இன்றுவரை தெரியாது. ஒருமுறை அவள் பதிவே நான்கு நாள் காணாமல் போனது. யாரிடம் முறையிடுவது என்று தெரியவில்லை. அந்த நான்கு நாளும் ஒரு அழைப்புகூட இல்லை. 'இந்தியா' இதழின் கதையை அன்றுதான் அவளுக்குச் சொன்னேன்.

நட்சத்திரம் போடுகிறவருக்கு நட்டம் எதுவும் இல்லை. நைனியப்ப பிள்ளைக்கு உயிரே போனது, வீட்டுக்காரருக்குத் தெருவில் முகம் போயிருக்கும், இவருக்கோ போனை மூடினால் முடிந்தது. அதனால்தான் இருபது நட்சத்திரம் சேர்ந்தும், ஆட்டோக்காரரின் ஒரு சொல் கொடுத்த தைரியம் அவளுக்கு வரவில்லை என்று நினைக்கிறேன். ஆனால் இதையும் சொல்ல வேண்டும். அவளிடம் நடக்க வருகிறவர்களில் யாரும் எந்தத் தெருப் பெண், யார் வீட்டுப் பெண் என்று இதுவரை கேட்டதில்லை. அப்பாவோடு தொழில் கற்ற அந்த மனிதருக்கு இப்படி நூறு முகம் தெரியாத பேர் கிடைத்திருந்தால் அவர் எத்தனை கோட்டுத் தைத்திருப்பார்!

அப்பாவின் திண்ணைக்கு இப்போது கம்பிக் கதவு போட்டிருக்கிறார்கள். உள்ளே இரண்டு ஸ்கூட்டர்கள். நோட்டு மட்டும் என்னிடம் இருக்கிறது. சென்ற மாதம் அவளுக்குக் காட்டினேன். நெடுநேரம் புரட்டிக்கொண்டிருந்தாள். பிறகு தன் போனில் இருக்கும் பட்டியலில் புதிதாக ஒரு கட்டம் சேர்த்தாள், 'யார் சொல்லி' என்று. பெரும்பாலான வரிகளில் 'மேப்' என்றுதான் எழுத முடிந்தது. ஒன்பதில் ஆட்டோக்காரர் பெயர். பூக்காரம்மா நாலு. போன வாரம் வந்த கோயம்புத்தூர்க் குடும்பத்துக்கு நேராக, தை மாதம் வந்துபோன இன்னொரு கோயம்புத்தூர்க் குடும்பத்தின் பெயர் இருந்தது.