தராசுக்கு எட்டாத 65 கிராம்

இருங்காட்டுக்கோட்டையிலோ ஒரகடத்திலோ குவாலிட்டி பிரிவில் வேலை பார்க்கும் யாரிடமாவது ஒரு புது அளவுக்கருவியை நீட்டிப் பாருங்கள். அவர் முதலில் கேட்பது, 'லீஸ்ட் கவுன்ட் எவ்வளவு?' என்றுதான். அந்தக் கருவியால் பிரித்துக் காட்ட முடிந்த மிகச் சிறிய அளவு அது. வெர்னியர் காலிபரில் 0.02 மில்லிமீட்டர் இருக்கும், மைக்ரோமீட்டரில் 0.01. பிஸ்டன் விட்டத்தை ஸ்கூல் ஸ்கேலால் அளந்து 'ஓகே' போட்டால் சூப்பர்வைசர் என்ன சொல்வார் என்பதை இங்கே அச்சிட முடியாது. அதே ஆள் உடம்பைக் குறைக்க ஆரம்பித்ததும் தினமும் எடை மெஷினில் ஏறி, நேற்றைய எண்ணோடு இன்றைய எண்ணை ஒப்பிட்டு, முகம் வாடி இறங்குகிறார்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வீட்டு எடை மெஷினின் லீஸ்ட் கவுன்ட் பொதுவாக 100 கிராம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி இருக்கிறது. கேன்டீனில் இரண்டாவது தடவை சோறு வாங்காமல், டீக்கு போண்டாவைத் தொடாமல், நாளுக்கு 500 கலோரி மிச்சம் பிடிக்கிறவருக்குக் கரையும் கொழுப்பு சுமார் 65 கிராம். வாயைக் கட்டிய ஒரு முழு நாளின் பலன் மெஷினின் ஒரு புள்ளிக்குக்கூட வராது! போகிற கொழுப்பும் சொல்லிக்கொண்டு போவதில்லை. வேர்வையில் கரைந்து போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் 10 கிலோ கொழுப்பு முழுதாக எரிந்தால் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில் போய்விடும், மிச்சம் 1.6 கிலோதான் தண்ணீர்.

சரி, ஒரு வாரம் பொறுத்தால் 450 கிராம் சேர்ந்து தெரிய வேண்டுமே? அங்கேதான் உடம்பில் இருக்கிற தண்ணீர் குறுக்கே வருகிறது. சாப்பிட்ட மாவுச்சத்தில் ஒரு பங்கைக் கல்லீரலும் தசைகளும் கிளைக்கோஜன் என்ற பெயரில் சேமித்து வைக்கின்றன. மொத்த இருப்பு அரை கிலோ அளவில் இருக்கும். அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கூடவே பிடித்து வைத்துக்கொள்ளும். டயட்டின் முதல் வாரத்தில் இந்த இருப்பு குறைகிறது, தண்ணீரும் இறங்குகிறது, எடை மளமளவென்று ஒன்றரை, இரண்டு கிலோ சரிகிறது. ஆள் குஷியாகிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணச் சாப்பாடு, அதோடு உப்பு தூக்கலான ஊறுகாயும் அப்பளமும். திங்கட்கிழமை அத்தனையும் திரும்பி வந்துவிடும். இறங்கியதிலும் ஏறியதிலும் கொழுப்பின் பங்கு கொஞ்சம்தான். சுங்குவார்சத்திரம் பக்கம் செல்போன் அசெம்ப்ளி லைனில் நிற்கும் பெண்களில் பலருக்கு மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் உடம்பில் நீர் கோத்துக்கொள்வதால் இன்னொரு ஏற்றம் உண்டு.

ஷிஃப்ட் இதில் தனிக் குழப்பம். 'காலையில் எழுந்ததும் வெறும் வயிற்றில் எடை பாருங்கள்' என்பது எல்லா டாக்டர்களும் சொல்வது. சி ஷிஃப்ட் எனும் இரவு வேலையை முடித்து, கம்பெனி பஸ்ஸில் தூங்கி வழிந்து, எட்டு மணிக்கு ரூமுக்கு வந்து படுக்கிறவருக்குக் காலை எது? இரவில் இன்சுலினின் வேலைத்திறனும் மந்தமாகிறது. பகலில் சாப்பிட்ட அதே சாப்பாடு நள்ளிரவில் ரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக ஏற்றுகிறது. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறினால் தூக்கம், பசி, மலம் கழிக்கும் நேரம் எல்லாமே இடம் மாறும். அந்த வாரத்து எடையைப் போன வாரத்து எடையோடு வைத்துப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

எடையை விட்டுவிட்டு வேறு எதைப் பார்ப்பது என்பதற்கு முன்னால், எடை அசையாவிட்டால் பலன் இல்லை என்றுதானே அர்த்தம் என்ற சந்தேகம் வரும். அதற்குப் பதில் சென்னையிலேயே இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வு 2006இல் வெளியானது. சர்க்கரை நோயின் வாசலில் நின்ற 531 பேர். ஒரு பிரிவினருக்கு வழக்கமான ஆலோசனை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு உணவைச் சீராக்கி, தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார்கள். மூன்று ஆண்டுகளில் முதல் பிரிவில் 55 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் வந்துவிட்டது. நடந்தவர்களில் 39.3 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. இத்தனைக்கும் நடந்தவர்களின் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை. அவர்களில் யாராவது எடை மெஷினை மட்டும் நம்பியிருந்தால் ஆறே மாதத்தில் செருப்பைக் கழற்றி மூலையில் போட்டிருப்பார்.

நம் உடம்பின் வாகும் இதில் சேர்கிறது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் பக்கத்தில் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்ட படம் ஒன்று 2004இல் 'லான்செட்' இதழில் வந்தது. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. இருவருக்கும் ஒரே அளவு, 22.3. உடலில் கொழுப்பின் பங்கு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற நம்மவர்கள் வயிற்றுக்குள் கொழுப்பைச் சுமந்துகொண்டு திரிவதை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. குறைய வேண்டியது அந்தக் கொழுப்பு. அதன்மேல் கண் வைக்க நூறு ரூபாய்கூட ஆகாத தையல்கார டேப் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில் டேப்பைச் சுற்றி, மூச்சை இயல்பாக வெளியே விட்டு அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நாம்தான். நம்மவர்களுக்கு ஆண் 90 சென்டிமீட்டர், பெண் 80 சென்டிமீட்டர் என்று எல்லை வைத்திருக்கிறார்கள். மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். டேப் இல்லாதவருக்கு யூனிஃபார்ம் பேண்டின் பெல்ட் இருக்கிறது. கோ, நோ-கோ கேஜ் மாதிரிதான்: அடுத்த துளையில் கொக்கி ஏறுகிறதா, இல்லையா? எண் எதுவும் வேண்டாம்.

முழங்கால் இன்னும் வேகமாகச் சொல்லும். ஒரு கிலோ எடை குறைந்தால், நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மூட்டில் விழும் சுமை சுமார் நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூவில் நிற்கிற ஆளுக்கு மூன்று கிலோ குறைவது என்றால் அடிக்கு அடி பன்னிரண்டு கிலோ. ஷிஃப்ட் முடிந்து பஸ் படியில் ஏறும்போது கைப்பிடியைத் தேடாத ஒரு நாள் வரும். நடக்க ஆரம்பித்த சில வாரங்களில் ஓய்வு நேர நாடித்துடிப்பும் இறங்கும். தூங்கி எழுந்து படுத்தபடியே மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு நிமிடம் எண்ணினால் தெரியும். குறட்டை குறைந்திருந்தால் ரூம்மேட் தானாகவே சொல்வார்.

சென்னை மருத்துவர் வி. மோகனும் அவரது குழுவினரும் 2005இல் வெளியிட்ட இந்திய நீரிழிவு அபாய மதிப்பெண்ணில் நான்கே கேள்விகள்: வயது, பெற்றோருக்குச் சர்க்கரை உண்டா, இடுப்புச் சுற்றளவு, உடலுழைப்பு. எடைக்கு அதில் கட்டமே இல்லை. முதல் இரண்டும் நம் கையில் இல்லாதவை. மொத்தம் 100 மதிப்பெண்ணில் 60ஐத் தொட்டால் அபாயம் அதிகம். உட்கார்ந்தே வேலை பார்த்து உடற்பயிற்சியும் செய்யாத ஒருவர் ஒழுங்காக நடக்க ஆரம்பித்தால் உடலுழைப்புக்கான மதிப்பெண் 30இலிருந்து 20 ஆகும். இடுப்பு 100 சென்டிமீட்டரைத் தாண்டிய ஆண் அதை 99க்குக் கொண்டுவந்தால் இன்னொரு 10 குறையும்.