குடும்ப வன்முறையின் வடிவங்கள்

குடும்ப வன்முறை என்பது ஒரே வீட்டில் உறவுமுறையில் வாழும் அல்லது வாழ்ந்த ஒருவர் மீது இழைக்கப்படும் வன்முறை ஆகும். அடிப்பது மட்டுமே வன்முறை அன்று. இந்தியாவில் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ள குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005 இதனை நான்கு வடிவங்களாக வகுக்கிறது.

* உடல்சார் வன்முறை: அடித்தல், உடல்நலத்திற்குக் கேடு விளைவித்தல்.
* பாலியல் வன்முறை: பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பாலியல் நடத்தை.
* சொல், உணர்வுசார் வன்முறை: இழிவுபடுத்தல், குழந்தை இல்லை, ஆண் குழந்தை இல்லை எனக் குத்திப் பேசுதல், அவருக்கு வேண்டியவரைத் தாக்குவதாகத் திரும்பத் திரும்ப மிரட்டுதல்.
* பொருளாதார வன்முறை: வீட்டுச் செலவுக்குப் பணம் மறுத்தல், பெண்ணுக்குரிய நகைகளையும் சீர்ப்பொருட்களையும் விற்றல், வீட்டினுள் நுழையவிடாது தடுத்தல்.

கடைசி இரண்டும் உடலில் தழும்பு விடாதவை. ஆதலால் பாதிக்கப்பட்டவரே அவற்றை வன்முறை என உணராதிருக்கலாம். எனினும் நான்கில் எதற்காகவும் பாதுகாப்பு அலுவலரையோ நீதித்துறை நடுவரையோ அணுகலாம். மனைவி மட்டுமன்றி, தாய், சகோதரி, திருமணம் போன்ற உறவில் வாழும் பெண் ஆகியோருக்கும் இச்சட்டம் பொருந்தும்.