முக்கோணத்துக்கு முன்னால் ஒரு வெற்று ஜன்னல்

வரைய வேண்டியது ஒரே ஒரு முக்கோணம். அதற்கு எதற்கு இத்தனை லைப்ரரிகள்? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் யாரோ தயாரித்த புராஜெக்ட்டை அப்படியே இறக்கி ஓட்டுகிறவர்கள், முதல் பிழை வந்ததுமே திகைத்துப் போகிறார்கள். அதனால் இந்த வாரம் முக்கோணத்தைத் தொடப்போவதில்லை.

நாம் வரையப் பயன்படுத்தப்போகும் ஓபன்ஜிஎல்லுக்கு ஜன்னல் திறக்கத் தெரியாது. 1992-ல் சிலிக்கான் கிராபிக்ஸ் நிறுவனம் அதை வெளியிட்ட நாளிலிருந்தே அதன் வேலை வரைவது மட்டும்தான். ஜன்னல், கீபோர்டு, மவுஸ் எல்லாம் இயங்குதளத்தின் பொறுப்பு. விண்டோஸுக்கு ஒரு முறை, லினக்ஸுக்கு ஒரு முறை, மேக்குக்கு இன்னொரு முறை. இந்த வேறுபாடுகளை எல்லாம் தனக்குள் வாங்கிக்கொண்டு நமக்கு ஒரே முறையைத் தருவது ஜிஎல்எஃப்டபிள்யூ.

அடுத்தது க்ளாட். பலருக்கும் புரியாமலே போவது இதுதான். விண்டோஸுடன் வரும் ஓபன்ஜிஎல் கோப்பு, மிகப் பழைய 1.1 பதிப்பின் ஃபங்ஷன்களை மட்டுமே நேரடியாகத் தருகிறது. நாம் எழுதப்போவதோ 2010-ல் வந்த 3.3. இடையில் சேர்ந்த ஷேடர், பஃபர் சமாச்சாரங்கள் எல்லாம் கிராபிக்ஸ் கார்டின் டிரைவருக்குள் இருக்கின்றன. புரோகிராம் ஓடும்போது, ஒவ்வொரு ஃபங்ஷனையும் பெயர் சொல்லிக் கேட்டு அதன் முகவரியை வாங்க வேண்டும். நூற்றுக்கணக்கில் இருக்கும் அவற்றை ஒரே அழைப்பில் வாங்கி வைப்பது க்ளாட்.

இங்கே வரிசை முக்கியம். முதலில் ஜன்னலைத் திறந்து, அதன் கான்டெக்ஸ்ட்டை நடப்பில் வைக்க வேண்டும். அதன் பிறகுதான் க்ளாடை அழைக்க வேண்டும். மாற்றி எழுதினால் கம்பைலர் வாய் திறக்காது. முகவரிகள் எல்லாம் காலியாகவே இருக்கும். ஓபன்ஜிஎல் ஃபங்ஷனை முதன்முதலில் அழைக்கும் வரியிலேயே புரோகிராம் விழும். க்ளாட் பூஜ்யத்தைத் திருப்பித் தருகிறதா என்று கட்டாயம் சோதியுங்கள்.

தலைப்புக் கோப்புகளிலும் க்ளாட்தான் முன்னால் வர வேண்டும். அதன் 'சி' கோப்பையும் புராஜெக்ட்டில் சேர்த்தாக வேண்டும். அதை மறந்தால் லிங்கர், தெரியாத பெயர் என்று சொல்லி நிறுத்திவிடும். கணக்குக்கான ஜிஎல்எம், படங்களை ஏற்றும் எஸ்டிபி இமேஜ் இரண்டும் இப்போது வேண்டாம். தேவை வரும் வாரத்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றாகச் சேர்த்து ஓட்டிப் பார்த்தால்தான் பிழை எதில் என்று தெரியும்.

ஜன்னல் திறந்திருக்கும்வரை ஓடும் லூப்புக்குள் மூன்றே வேலை: ஒரு நிறத்தால் திரையைத் துடைப்பது, பஃபரை மாற்றுவது, நிகழ்வுகளை விசாரிப்பது. மூன்றாவதை விட்டுவிட்டால் ஜன்னல் உறைந்து, 'பதிலளிக்கவில்லை' என்று இயங்குதளமே அறிவித்துவிடும்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆப்பிள் 2018-லேயே ஓபன்ஜிஎல்லைக் கைவிடப்போவதாகச் சொல்லிவிட்டது; அங்கே 4.1-க்கு மேல் கிடைக்காது. நம் 3.3-க்கு அது போதும். ஆனால் ஜன்னலைத் திறக்கும் முன் கோர் புரொஃபைல், ஃபார்வர்டு கம்பாட்டிபிள் இரண்டையும் கேட்டு வாங்க மறக்காதீர்கள்.

அடுத்த வாரம் முக்கோணத்தின் மூன்று புள்ளிகளைக் கார்டுக்கு அனுப்புவோம். அதற்குள் உங்கள் திரையில் ஒரு பச்சை ஜன்னல் திறந்திருக்கட்டும்.