உச்சியிலும் ஒரு கண் வேண்டும்

நான் ஓட்டுவது சினிமா கேரவன். தேனாம்பேட்டையிலிருந்து மேற்கு மாம்பலம் போக துரைசாமி சப்வே சுருக்குவழிதான். ஆனாலும் கூரை இடிக்கும் என்று கோடம்பாக்கம் மேம்பாலம் சுற்றித்தான் போவேன்.

கேரவனின் உயரம் பாடியோடு முடிவதில்லை. கூரைமேல் ஏசி இருக்கிறது. அதன் உச்சியிலிருந்து தரைவரை டேப் பிடித்து அளந்து, ஸ்டியரிங்குக்கு மேலே எழுதி ஒட்டியிருக்கிறேன். தண்ணீர் டேங்க் காலியாக இருக்கும்போது அளக்க வேண்டும். பாரம் குறைந்தால் ஸ்பிரிங் எழும்பி வண்டி உயரும்.

சப்வே வாசலில் எழுதியிருக்கும் அளவையும் அப்படியே நம்பக் கூடாது. பழைய சாலையைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டால் இடைவெளி குறைந்துவிடும். பள்ளத்தில் முன்சக்கரம் ஏறத் தொடங்கும்போது பின்சக்கரம் இன்னும் இறக்கத்திலேயே இருக்கும். அந்த நேரம் நீள வண்டியின் நடுக்கூரை மேலே தூக்கிக்கொள்ளும்.

ரயில்வே கேட்டின் முன்னால் உயரத்தைத் தடுக்கும் குறுக்குச் சட்டமான ஹைட் கேஜ் இன்னும் கறார். அதைத் தாண்டினால் தலைக்கு மேல் 25,000 வோல்ட் கம்பி.

தெருவுக்குள் கேபிள் ஒயர், மரக்கிளை. சந்தேகம் வந்தால் கிளீனர் தம்பி இறங்கிவிடுவான். “வாங்கண்ணே, வாங்க... அப்படியே நில்லுங்க!” கூகுள் மேப் வழி சொல்லும், வண்டி எவ்வளவு உயரம் என்று கேட்காது.